குழல் குறுகினால் தோட்டாவுக்கு என்ன ஆகும்?

சோவியத் ஒன்றியம் 1974-ல் ஏற்றுக்கொண்ட 5.45 மி.மீ. தோட்டாவை ஏ.கே-74 துப்பாக்கியில் இட்டுச் சுட்டால், குண்டு வினாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் குழலை விட்டு வெளியேறுகிறது. அதே பெட்டியிலிருந்து எடுத்த இன்னொரு தோட்டாவை, டாங்கி ஓட்டுநர்களுக்கும் ஹெலிகாப்டர் குழுவினருக்கும் என உருவாக்கப்பட்ட ஏ.கே.எஸ்-74யு என்ற குட்டைத் துப்பாக்கியில் இட்டால் வேகம் 735 மீட்டராக இறங்கிவிடுகிறது. ஆர்.பி.கே-74 என்ற இலகு இயந்திரத் துப்பாக்கியில் இட்டால் 960-க்கு ஏறுகிறது. மருந்தும் குண்டும் கூடும் மூன்றிலும் ஒன்றே. மாறியது குழலின் நீளம் மட்டும்தான்: குட்டைத் துப்பாக்கியில் 206.5 மி.மீ., ஏ.கே-74-ல் 415 மி.மீ., இயந்திரத் துப்பாக்கியில் 590 மி.மீ.

மேலே போவதற்கு முன் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பேச்சில் குண்டு, தோட்டா இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். ஈழத்தில் ரவை என்றும் சன்னம் என்றும் வழங்குகிறார்கள். இந்தக் கட்டுரையில் தோட்டா என்பது கூடு, மருந்து, பற்றவைக்கும் மூடி, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுப்பொருள். குண்டு என்பது அதன் முனையில் செருகப்பட்டு, சுட்டதும் பறந்து போகும் உலோகத் துண்டு மட்டும்.

விசையை அழுத்தியதும் மருந்து ஒரேயடியாக வெடித்துவிடுவதில்லை. மிக விரைவாக எரிகிறது. எரியத் தொடங்கியதும் மூடிய கூட்டுக்குள் வாயுவின் அழுத்தம் எகிறுகிறது. ஏ.கே-47 காலத்து 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஐரோப்பியத் தர அமைப்பு அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 355 மெகாபாஸ்கல். இது நம்மைச் சூழ்ந்த காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 3,500 மடங்கு. குண்டின் அடிப்பக்கத்தின் சிறு வட்டத்தில் ஒன்றேமுக்கால் டன் எடையை வைத்தது போன்ற தள்ளுதல். இந்த உச்சம் குண்டு குழலுக்குள் முதல் சில சென்டிமீட்டர் நகர்வதற்குள்ளேயே வந்து போய்விடும். அதன் பிறகு குண்டு முன்னே ஓட ஓட, அதன் பின்னால் உள்ள இடம் பெருகுகிறது. மருந்து எரிந்து புதிய வாயுவைத் தந்தாலும் பெருகும் இடத்தை அதனால் ஈடுகட்ட முடியாமல் அழுத்தம் சரிகிறது. சரியும் அழுத்தமும் அழுத்தம்தான் என்பதால் குண்டு தொடர்ந்து வேகம் எடுக்கிறது. ஆனால் ஒவ்வொரு அங்குலமும் முந்தைய அங்குலத்தைவிடக் குறைவாகவே கொடுக்கிறது. இத்தனையும் ஆயிரத்தில் ஒரு வினாடி அளவில் நடந்து முடிந்துவிடுகிறது.

5.45 தோட்டாவின் கணக்கில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரஷ்யா பின்னர் 100 வரிசையில் கொண்டுவந்த ஏ.கே-105-ன் குழல் 314 மி.மீ.; அதில் வேகம் 840 மீட்டர். ஆக, 206.5-லிருந்து 314-க்கு நீட்டியபோது மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 1 மீட்டர் வேகம் கூடியது. 314-லிருந்து 415-க்கு நீட்டியபோது மில்லிமீட்டருக்கு 0.6 மீட்டர். 415-லிருந்து 590-க்குப் போனபோது வெறும் 0.34. "அங்குலத்துக்கு இவ்வளவு வேகம் கூடும்" என்று ஒரே எண்ணை வாய்ப்பாடு போல ஒப்பிப்பவர்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். எந்த அங்குலம் என்று கேட்காமல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

எந்தத் தோட்டா என்றும் கேட்க வேண்டும். பழைய 7.62 தோட்டாவை 415 மி.மீ. குழலுள்ள ஏ.கே.எம்-இல் சுட்டால் 715 மீட்டர், 590 மி.மீ. குழலுள்ள ஆர்.பி.கே-இல் சுட்டால் 745. அதே 175 மி.மீ. கூடுதல் நீளம் 5.45-க்கு 60 மீட்டரைக் கொடுத்தது, இதற்கு 30 மீட்டரோடு நின்றுவிட்டது. இரண்டு தோட்டாக்களிலும் மருந்தின் எடை பெரிதாக வேறுபடவில்லை. ஆனால் 5.45 குண்டின் குறுக்குப் பரப்பு 7.62-இன் பரப்பில் பாதிதான். குடத்துத் தண்ணீரை அகலமான குழாயில் விடுவதற்கும் ஒடுக்கமான குழாயில் விடுவதற்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துக்கொள்ளலாம்: ஒடுக்கமான குழலில் அதே அளவு வாயு பரவி அழுத்தம் இழக்க நெடுந்தூரம் தேவைப்படுகிறது. குறுகிய துளைக்கு நிறைய மருந்து வைத்த தோட்டாக்கள்தாம் நீண்ட குழலால் மிகுதியும் பயன்பெறுகின்றன. குட்டைக் குழலில் மிகுதியும் இழப்பவையும் அவையே.

இந்த வரிசையின் மறுகோடியில் இருப்பது விளையாட்டுத் துப்பாக்கிகளின் .22 தோட்டா. அதில் உள்ள மருந்து ஒரு சிட்டிகைகூட இராது. சுமார் 16 அங்குலம் போவதற்குள் அது தரக்கூடியதையெல்லாம் தந்து முடித்துவிடும். அதற்கு மேல் வாயுவின் தள்ளுதலைவிடக் குழலின் உராய்வு பெரிதாகிவிடுவதால், 26 அங்குலக் குழலில் குண்டு சற்று வேகம் இழந்தே வெளிவருவதும் உண்டு. அப்படியிருந்தும் 50 மீட்டர் போட்டித் துப்பாக்கிகள் நீளமாக இருப்பதற்குக் காரணம் வேகம் அல்ல. பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையே தூரம் கூடினால் குறிபார்ப்பதில் நேரும் சிறு பிழை இலக்கில் சிறிதாகவே தெரியும் என்பதுதான். சிலர் குழல் வாயில் வெறும் குழாய் ஒன்றை மாட்டி முன்குறியை அதன் நுனியில் வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் குழாய்க்குள் குண்டு எதையும் தொடாமல் கடந்து போகிறது.

இங்கே ஒரு பரவலான தவறான எண்ணத்தையும் சொல்லிவிடலாம். நீண்ட குழல் என்றால் துல்லியம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். குழலின் நீளம் குண்டுக்கு வேகத்தைத் தருகிறது; துல்லியத்தைத் தருவதில்லை. ஒரு முனையில் மட்டும் பிடித்த கம்பியின் வளைவு அதன் நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு கூடும் என்பது பொறியியல் மாணவர் அனைவரும் அறிந்தது. அந்தக் கணக்கில், தடிமன் மாறாமல் 24 அங்குலக் குழலை 18 அங்குலமாக வெட்டினால், அதே விசைக்கு அது வளையும் அளவு முன்பிருந்ததில் பாதிக்கும் குறைவாகிறது. சுடும்போது குழல் அதிர்வது குறைவதால், தொலைநோக்கி பொருத்திய குட்டைத் துப்பாக்கி பல நேரங்களில் நெட்டையைவிட நெருக்கமாகவே குண்டுகளைச் சேர்க்கும். இழப்பு வேறு இடத்தில் வருகிறது: குண்டு மெதுவாகப் போவதால் அதிகம் தாழ்கிறது, காற்றால் அதிகம் விலகுகிறது, தூரத்தைத் தவறாகக் கணித்தால் மன்னிப்பதில்லை.

அந்த மன்னிப்பின் அளவுக்குச் சோவியத் கையேடுகள் ஓர் எண்ணே கொடுத்திருக்கின்றன. அரை மீட்டர் உயரமுள்ள மார்பளவு இலக்கை நோக்கிச் சுடும்போது, குண்டின் பாதை அந்த உயரத்தைத் தாண்டாமல் எவ்வளவு தூரம் போகும் என்பதே அந்தக் கணக்கு. அத்தூரம் வரை குறிகாட்டியை மாற்றத் தேவையில்லை. ஏ.கே-74-க்கு அது 440 மீட்டர்; ஏ.கே.எஸ்-74யு-வுக்கு 360, ஆர்.பி.கே-74-க்கு 460. குழலைப் பாதியாக வெட்டியதில் 80 மீட்டர் போய்விட்டது, 175 மி.மீ. நீட்டியதில் கிடைத்தது 20 மீட்டர்தான். ஆற்றலைக் கணக்கிட்டால் வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது, ஏனெனில் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தோடு போகிறது. 3.43 கிராம் குண்டுக்கு ஏ.கே-74 சுமார் 1,390 ஜூல் தருகிறது, குட்டைத் துப்பாக்கி சுமார் 925 ஜூல். வேகத்தில் 18 விழுக்காடு குறைந்ததற்கு ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று.

ஏ.கே.எஸ்-74யு-வைச் சற்று அருகில் வைத்துப் பார்த்தால், குழலை வெட்டுவது வெறுமனே ரம்பத்தால் அறுக்கிற வேலை அல்ல என்பது புரியும். அதன் குறிகாட்டியில் இரண்டே நிலைகள்தாம்: ஒன்றில் 'பெ' என்னும் ரஷ்ய எழுத்து, இது 350 மீட்டர் வரைக்கு, மற்றொன்றில் 4-5 என்ற எண்கள், அதாவது 400, 500 மீட்டர். ஏ.கே-74-ன் குறிகாட்டியில் 1,000 மீட்டர் வரை அளவு பொறித்திருக்கிறது. குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய திருகுப் பள்ளமான உட்புரியும் மாறியிருக்கிறது. ஏ.கே-74-ல் குண்டு 200 மி.மீ. நகர்ந்தால் ஒரு முழுச் சுற்று சுற்றும். குட்டைத் துப்பாக்கியில் 160 மி.மீ.-க்கே ஒரு சுற்று. பெருக்கிப் பார்த்தால் காரணம் தானே விளங்குகிறது: 900 மீட்டர் வேகத்தில் 200 மி.மீ. புரி வினாடிக்கு 4,500 சுற்றுகளைத் தருகிறது. 735 மீட்டரில் அதே புரியை வைத்திருந்தால் 3,700-க்கும் கீழே இறங்கியிருக்கும். புரியை 160-க்கு இறுக்கியதும் சுழற்சி 4,600-ஐ ஒட்டி மீண்டும் ஏறிவிட்டது. பறக்கும் பாதையை ஒளிர்ந்து காட்டும் நெடிய ஒளிகாட்டுக் குண்டு உட்பட எல்லாக் குண்டுகளையும் தடுமாறாமல் பறக்கவைக்க இந்தச் சுழற்சி வேண்டியிருந்தது.

இன்னொரு சிக்கல் குழல் வாயில் இருந்தது. இவ்வகைத் துப்பாக்கிகள் குழலின் பக்கத்துத் துளை வழியே சிறிது வாயுவைப் பிரித்தெடுத்து, அதைக் கொண்டு பிஸ்டனைத் தள்ளி, வெற்றுக் கூட்டைக் கழற்றி அடுத்த தோட்டாவை ஏற்றுகின்றன. குண்டு அந்தத் துளையைக் கடந்த பிறகு குழல் வாயை விட்டு வெளியேறும் வரைதான் பிஸ்டனுக்கு அழுத்தம் கிடைக்கும். குழலை வெட்டினால் அந்த நேரம் சுருங்கிவிடுகிறது. எனவே ஏ.கே.எஸ்-74யு-வின் வாயில் கொழுத்த உருளை ஒன்றைத் திருகி வைத்தார்கள். வெளியேறும் வாயுவை அது ஒரு கணம் தேக்கி, உள்ளே அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்கிறது. தீப்பிழம்பையும் ஓரளவு அடக்குகிறது. படங்களில் இந்தத் துப்பாக்கியை அடையாளம் காட்டுவது அந்த உருளைதான். அதை அழகுக்கு வைத்ததாக நினைப்பவர்கள் இன்றும் உண்டு.

தீப்பிழம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீண்ட குழலில் குண்டு வெளியேறும்போது வாயு ஓரளவு தணிந்திருக்கும். குட்டைக் குழலில் அது இன்னும் கொதித்துக்கொண்டும் உயர் அழுத்தத்திலும் இருக்கும்போதே வாய் திறந்துவிடுகிறது. பாதி எரிந்த வாயு வெளிக்காற்றின் ஆக்சிஜனைத் தொட்டதும் குழல் வாயில் மீண்டும் பற்றி, தலையளவு நெருப்புப் பந்தாக விரிகிறது. ஓசையும் காதைப் பிளக்கிறது. குண்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய ஆற்றலின் ஒரு பகுதி இப்படிச் சுடுபவனின் கண்ணையும் காதையும் தாக்கி, இரவில் அவன் இருக்கும் இடத்தையும் காட்டிக்கொடுக்கிறது.

ஆகவே மருந்து குழலுக்கு ஏற்ப அமைய வேண்டும். இந்தக் கணக்கைத் தமிழ்நாட்டின் ஒரு மலையூர் நூறாண்டுக்கும் மேலாக அறியும். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயில் வெலிங்டனைத் தாண்டி நிற்கும் அருவங்காட்டில் 1903-ல் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. கார்டைட் என்பது கயிறு போல இழுத்தெடுத்த மருந்து; பெயரே அதனால் வந்தது. பிரிட்டிஷ் .303 தோட்டாவில் இந்தக் குச்சிகளைக் கட்டாகச் சேர்த்து நெட்டாக வைப்பார்கள். கூட்டின் கழுத்து ஒடுங்கியிருந்தால் கட்டு உள்ளே நுழையாது என்பதால், நேரான கூட்டில் முதலில் மருந்தை இட்டு அடைப்பு வைத்துவிட்டு, அதற்குப் பின்தான் கழுத்தை நெரித்து ஒடுக்கினார்கள். முதல் வகைக் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 பங்கு, வெடிபஞ்சு 37 பங்கு, வாசலின் 5 பங்கு. அது அளவுக்கு மீறிச் சூடாக எரிந்து குழல்களை அரித்ததால், நைட்ரோகிளிசரினை 30 பங்காகக் குறைத்து வெடிபஞ்சை 65 ஆக்கிய வகை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. குச்சியின் தடிமன்தான் எரியும் நேரத்தைத் தீர்மானிக்கும். மெல்லியது சீக்கிரம் தீரும், தடித்தது நின்று எரியும். பின்னாளில் குச்சியை நடுவே துளையுள்ள குழாயாக இழுத்தார்கள்: வெளிப்பக்கம் எரிந்து சிறுக்கும்போது உட்துளை எரிந்து பெருகுவதால், வாயு வரத்து ஒரே சீராக இருந்தது.

இதே .303 தோட்டாவைச் சுட்ட லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் குழல் முதலில் 30.2 அங்குலம். காலாட்படைக்கு நெட்டை, குதிரைப்படைக்குக் குட்டை என்று இரண்டு வைத்திருக்கும் வழக்கத்தை விட்டு, எல்லாருக்கும் பொதுவான 25.2 அங்குலத் துப்பாக்கியை 1903-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டன் கொண்டுவந்தபோது, போட்டிக் குறிசுடுவோர் அதைக் கடுமையாகச் சாடினார்கள். 5 அங்குலம் போனால் துப்பாக்கி கெட்டது என்பது அவர்கள் வாதம். தோட்டாதான் அவர்களுக்குப் பதில் சொன்னது. 1910-ல் வந்த 7-ஆம் வகைத் தோட்டா, 215 கிரெய்ன் எடையுள்ள மழுங்கல் குண்டுக்குப் பதில் 174 கிரெய்ன் கூர்முனைக் குண்டை ஏற்றி, வேகத்தை வினாடிக்கு 628 மீட்டரிலிருந்து 744-க்கு உயர்த்தியது. குழலால் இழந்ததைப் போல் பல மடங்கு குண்டால் கிடைத்தது. 1944-ல் காட்டுப் போருக்கென 18.8 அங்குலக் குழலோடு வந்த 5-ஆம் எண் கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. புதிய தோட்டா எதுவும் கூட வரவில்லை. வாயில் புனல் வடிவத் தீமறைப்பானும், தோளை இடிக்கும் உதையும்தான் வந்தன.

அமெரிக்கா இந்தப் பாடத்தை இரண்டு முறை படித்தது. 1960-களில் எம்16 துப்பாக்கியை ஒருவகை மருந்துக்கென வடிவமைத்துவிட்டு, படைக்கு வழங்கும்போது வேறு வகை உருண்டை மருந்தை நிரப்பினார்கள். அழுத்தத்தின் ஏற்றயிறக்கம் மாறியதால் வாயுத் துளை வழியே வந்த தள்ளுதல் கூடி, துப்பாக்கி கணக்கிட்டதைவிட வேகமாக இயங்கியது. தோட்டா அமரும் அறைகளுக்கு உட்பூச்சு இல்லாததும் சேர்ந்துகொள்ள, வியட்நாமில் துப்பாக்கிகள் சிக்கி நின்றன. 1967-ல் நாடாளுமன்றக் குழு விசாரிக்கும் அளவுக்கு அது போயிற்று. இரண்டாவது முறை குழலால் வந்தது. 20 அங்குல எம்16-க்கென அமைந்த எம்855 தோட்டா அதில் சுமார் 945 மீட்டர் வேகம் எடுத்தது, 1990-களில் 14.5 அங்குல எம்4 கார்பைன் பரவியபோது அது சுமார் 905-க்கு இறங்கியது. 40 மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் ராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபாக்லர் உடல் தசைக்கு ஈடாக வைத்த ஜெலாட்டின் கட்டிகளில் செய்த சோதனைகளில், இவ்வகைச் சிறு குண்டுகள் வேகத்தின் ஓர் எல்லைக்கு மேல் ஒருவிதமாகவும், அதற்குக் கீழ் முற்றிலும் வேறு விதமாகவும் நடந்துகொள்வது தெரிந்திருந்தது. குழல் குறுகியதால் அந்த எல்லை சுடுபவனுக்கு மிக அருகே நகர்ந்து வந்தது. 2010-ல் வந்த எம்855ஏ1 தோட்டா, எம்4-இன் குட்டைக் குழலை அளவாக வைத்து மருந்தைத் தேர்ந்தது. குண்டு வெளியேறும் முன் எரிந்து முடியவும் தீப்பிழம்பு குறையவும் வழி செய்தது. அதற்கு விலையாக உச்ச அழுத்தம் கூடியது. துப்பாக்கி உறுப்புகள் விரைந்து தேய்வதாகப் புகார்கள் வந்தன.

குழலைக் குறைக்காமல் துப்பாக்கியைக் குறைக்கும் வழியும் உண்டு. ஆஸ்திரிய ஏ.யு.ஜி. துப்பாக்கி, இயங்கு பகுதியைக் கைப்பிடிக்குப் பின்னால் தோள்தாங்கிக்குள் தள்ளிவிட்டதால், 508 மி.மீ. குழலை வைத்துக்கொண்டே 790 மி.மீ. நீளத்தில் அடங்குகிறது. 368 மி.மீ. குழலுள்ள எம்4, தோள்தாங்கியை நீட்டினால் அதைவிட நெட்டை. நேரெதிரான வழியில் போனது .300 பிளாக்அவுட் தோட்டா. சுமார் 9 அங்குலத்துக்குள் எரிந்து தீரும் விரைவு மருந்தை வைத்து, குட்டைக் குழலுக்கென்றே பிறந்த தோட்டா அது. அதை நீண்ட குழலில் சுட்டால் பெரிதாக எதுவும் கிடைக்காது.

நம் நாட்டு இன்சாஸ் குடும்பமும் இதே கணக்கில்தான் அடங்குகிறது. திருச்சியிலும் தயாரான இன்சாஸ் துப்பாக்கியின் குழல் 464 மி.மீ., வேகம் 900 மீட்டர். அதன் இலகு இயந்திரத் துப்பாக்கி வடிவத்தின் குழல் 535 மி.மீ., வேகம் 925. மில்லிமீட்டருக்கு 0.35 மீட்டர், அதாவது ஏ.கே-74-லிருந்து ஆர்.பி.கே-74-க்குப் போனபோது கண்ட அதே சரிவு. தோட்டா வேறு, நாடு வேறு. ஆனால் வளைகோட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கின்றன.

தோட்டாப் பெட்டியின் மேல் அச்சிட்ட வேகத்தைப் படிக்கும்போதும் இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேட்டைத் தோட்டாக்களின் வேகத்தை அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 24 அங்குலச் சோதனைக் குழலில் அளக்கிறார்கள். வாங்குபவரின் துப்பாக்கியில் 20 அங்குலமோ 18 அங்குலமோதான் இருக்கும். எம்855-க்கு அமெரிக்க ராணுவம் விதித்த அளவு வினாடிக்கு 3,025 அடி, கூடினாலும் குறைந்தாலும் 40 அடிக்குள். அதை அளப்பது குழல் வாயிலும் அல்ல, வாயிலிருந்து 78 அடி தள்ளி.